சலீம் அகமது சலீம்: ஒரு வீட்டோவின் கதை

ஐ.நா. பாடம் நடத்தும்போது, "பொதுச் செயலாளரை யாரு டீச்சர் தேர்ந்தெடுக்கிறாங்க?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. "எல்லா நாடும் ஓட்டுப் போடும்" என்று சொன்னால் அது பாதிப் பதில்தான். மீதியைச் சொல்ல, தான்சானியாவின் சலீம் அகமது சலீமின் கதை நன்றாகக் கைகொடுக்கும்.

சலீம் 1942-இல் சான்சிபார் தீவில் பிறந்தவர். அங்குப் புரட்சி நடந்த 1964-ஆம் ஆண்டிலேயே எகிப்துக்குத் தூதராகப் போனார். வயது 22! அந்த வயசுல நம்மில் பலர் ஆசிரியர் பயிற்சியைக்கூட முடிச்சிருக்க மாட்டோம். பிறகு புதுடில்லி, பெய்ஜிங். 1970 முதல் பத்து ஆண்டுகள் நியூயார்க்கில் ஐ.நா. தூதர். காலனிய ஒழிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1979-இல் பொதுப்பேரவையின் தலைவரும் ஆனார்.

இடையில் ஓர் இரவு. 1971 அக்டோபர் 25. சீனாவின் இருக்கை பெய்ஜிங்குக்கா, தைவானில் இருந்த அரசுக்கா என்று வாக்கெடுப்பு. 76 நாடுகள் பெய்ஜிங் பக்கம், 35 எதிர்ப்பு, 17 நடுநிலை. அமெரிக்காவுக்குத் தோல்வி. ஆப்பிரிக்கத் தூதர்கள் சிலர் அவைக்குள்ளேயே ஆடிக் கொண்டாடினார்கள்; சலீமும் ஆடினார் என்று செய்தி பரவியது. அப்போது அங்கே அமெரிக்கத் தூதராக இருந்தவர் யார் தெரியுமா? ஜார்ஜ் புஷ், பின்னாளில் அதிபரான மூத்த புஷ்.

பத்து வருஷம் கழிச்சு, 1981-இல், சலீம் பொதுச் செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டார். புஷ் இப்போது துணை அதிபர். பாதுகாப்பு மன்றத்தில் தேவையான ஒன்பது வாக்குகள் சலீமுக்குக் கிடைத்தன. ஆனால் அமெரிக்கா மீண்டும் மீண்டும் வீட்டோ போட்டது. தென்னாப்பிரிக்க நிறவெறியையும் காலனி ஆட்சியையும் எதிர்த்து அவர் உரக்கப் பேசி வந்தது ஒரு காரணம். அந்த ஆட்டமும் மறக்கப்படவில்லை என்பார்கள். சீனாவும் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் தவணை கேட்ட குர்ட் வால்ட்ஹைமை 16 தடவை வீட்டோவால் தடுத்தது. கடைசியில் இருவரும் ஒதுங்க, பதவி பெரு நாட்டின் பெரெஸ் டி குயலருக்குப் போனது.

சலீம் ஓய்ந்துவிடவில்லை. தான்சானியாவின் பிரதமரானார், 1989 முதல் 2001 வரை ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பொதுச் செயலாளராக இருந்தார். இன்றைய ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கான ஒப்பந்தம் ஏற்கப்பட்டது அவர் காலத்தில்தான்.

வகுப்பில் இதை விளையாட்டாகவே செய்து காட்டலாம். பதினைந்து மாணவர்களை உட்காரவைத்து, ஐந்து பேரிடம் மட்டும் சிவப்பு அட்டை கொடுங்க. பதினான்கு பேர் கை தூக்கினாலும், ஒருவர் அட்டையைக் காட்டினால் வேட்பாளர் அவுட்.