மூச்சு சொல்லும் சேதி

கைக்குழந்தை இரவெல்லாம் சிணுங்கினால் எங்கள் பாட்டி முதலில் அதன் வாயை முகர்ந்து பார்ப்பாள். "புளிச்ச வாடை அடிக்குது, பால் செரிக்கலே" என்று சொல்லிவிடுவாள். ராத்திரியில் வண்டியை மறித்து, குழாயை நீட்டி, "ஊது" என்கிறாரே போலீஸ்காரர், அவர் செய்வதும் பாட்டியின் வித்தைதான். புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தக் குழாயைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை!

அதே மாதிரி ஊதச் சொல்லி, நுரையீரலில் புற்றுநோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்டவள் முத்தியால்பேட்டையில் இருந்த என் சின்னம்மா. முப்பது வருஷம் விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்தவள். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. சித்தப்பாவின் சாம்பல் கிண்ணத்தைக் கழுவியதோடு சரி. ஐந்து மாதம் இருமினாள். கஷாயம், இருமல் மருந்து, பிறகு "காசமாக இருக்கலாம்" என்று மாத்திரைகள். கடைசியில் ஸ்கான் எடுத்தபோது நோய் முற்றியிருந்தது. "ஏம்பா, முதல் மாசமே என்னை ஊதச் சொல்லிப் பார்த்திருக்கக் கூடாதா?" என்றாள்.

மூச்சு சமாசாரத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு வெகு நாளாகவே அக்கறை உண்டு. நாம் இழுக்கும் பிராணவாயுவில் ஒரு பகுதி கரியமில வாயுவாகி வெளியே வருகிறது என்று 1780-களில் ஆராய்ந்து காட்டியவர் லவாய்சியே. 1816-ல் டாக்டர் லெனெக், ஓர் இளம் பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூசி, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். பிறந்தது ஸ்டெதாஸ்கோப்! ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்ததால் உலகத்துக்குக் கிடைத்த லாபம் இது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் வாரிசுதான் இன்று கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர்.

மூச்சின் ஓசையைக் கேட்டாயிற்று. அதன் வாசனை? 1971-ல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங், மூச்சுக் காற்றைக் கடுங்குளிர்ந்த குழாயில் பிடித்து வைத்து ஆராய்ந்தார். சுமார் 250 விதப் பொருள்கள் அதில் இருப்பது தெரிந்தது!

அவை எங்கிருந்து வருகின்றன? நம் உடம்பின் அணு ஒவ்வொன்றையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. அது சிதையும்போது பென்டேன் போன்ற ஆவிகள் உண்டாகி, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக வெளியேறுகின்றன. புற்று அணுக்கள் உணவைச் செலவிடும் முறையே வேறாகையால், ஆவிகளின் கலவையும் மாறுகிறது. ரசம் கொதிக்கும்போதே பெருங்காயம் குறைவு என்று கூடத்திலிருந்து சொல்லும் மாமியார்களை நாம் அறிவோம். விஞ்ஞானிகளும் அப்படித்தான் கலவையைப் பார்க்கிறார்கள். 1999-ல் மைக்கேல் பிலிப்ஸ் குழுவினர், 22 ஆவிகளைச் சேர்த்துப் பார்த்தால் நோயாளிகளைப் பெரும்பாலும் பிரித்தறியலாம் என்று எழுதினார்கள். 2006-ல் கலிபோர்னியாவில் வீட்டு நாய்களையே பழக்கி, மூச்சை முகரச் செய்தார்கள். 2009-ல் இஸ்ரேலில் ஹொஸாம் ஹைக் என்பவர், தங்கத்தின் நுண்துகள்களைக் கொண்டு ஒரு 'மின் மூக்கு' செய்தார்.

அப்படியானால் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிகளில் "ஊதுங்கள், அம்மா" என்று சொல்லவில்லை? இந்த ஆவிகள் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கின்றன. காலையில் தின்ற பூண்டு ஊறுகாயும், பல் பொடியும், ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த பினாயிலும்கூடக் கணக்கைக் குழப்பிவிடும். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் பட்டியல் இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை. மூச்சை மட்டும் நம்பி நோயை முடிவு கட்டும் நிலை வரவில்லை. எக்ஸ்ரே, ஸ்கான், சதைத் துணுக்குப் பரிசோதனை, இவைதான் இன்றும் வழி.

குறைந்த கதிர் ஸ்கான் எடுத்தால், மார்பு எக்ஸ்ரே மட்டும் எடுப்பதைவிட, நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் அமெரிக்காவில் கண்டார்கள். 53,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த பரிசோதனை. ஆனால் அவர்கள் எல்லோரும் ஏராளமாகப் புகைத்தவர்கள், அல்லது புகைத்து விட்டவர்கள். என் சின்னம்மாவுக்கு அந்த வரிசையில் இடமே கிடைத்திருக்காது! விறகுப் புகை புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சி நிலையமே சொல்லியிருக்கிறது. புகைக்காத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. அவர்களை வேளையோடு கண்டுபிடிக்கத்தான் ஊதும் குழாய் அவசியம் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சகோதரிகளே, இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலும், சளியில் ரத்தம் கண்டாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும் டாக்டரிடம் போங்கள். காச மாத்திரை சாப்பிட்டும் குணம் தெரியவில்லை என்றால், "வேறு ஏதாவது இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சின்னம்மா இப்போது இல்லை. போன மாதம் அவள் மகளுக்கு மூன்று வாரமாக இருமல். "அடுப்பிலே உலை கிடக்குது, அண்ணே" என்றவளை விடாப்பிடியாக அழைத்துப் போய்ப் படம் எடுத்தேன். நுரையீரல் சுத்தமாக இருந்தது. "வீணா அரை நாள் போச்சு" என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.