கூட வரும் குதிரைக்கும் மரியாதை

பயிற்சித் திடலை விட்டு வெளியேறி, ஊர்ச் சாலையிலும் வயல்வெளிப் பாதையிலும் குதிரையேறிப் போய்வருவதை பிரிட்டனில் ஹேக்கிங் என்கிறார்கள். இதில் போட்டி கிடையாது, பரிசு கிடையாது. குதிரைக்கும் மனிதருக்கும் காற்றாட ஒரு சுற்று, அவ்வளவுதான். இரண்டு பேரோ நான்கு பேரோ சேர்ந்து போவது வழக்கம். அப்படிச் சேர்ந்து போகிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய மரியாதைக்கென்று ஒரு நடைமுறை உண்டு. அதில் சிறு பகுதி அந்நாட்டின் சாலை விதித்தொகுப்பான ஹைவே கோடில் இடம்பெற்றிருக்கிறது. மீதி, லாயங்களில் மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வந்தது.

இந்த நடைமுறை முழுவதற்கும் காரணம் குதிரையின் இயல்பு. குதிரை மந்தையாக வாழும் விலங்கு. ஆபத்து என்றால் எதிர்த்து நிற்காமல் ஓடித் தப்பிக்கும் விலங்கு. ஒரு குதிரை திடீரென்று ஓடினால் மற்றவை காரணம் தேடுவதில்லை, கூடவே ஓடும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்க முடிகிறது. ஆனாலும் வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் எட்டாத இடங்கள் உண்டு. அந்தப் பின்பக்கத்தில் எதுவோ நெருங்குகிறது என்று பட்டால் மிரளும், அல்லது உதைக்கும். ஆகவே ஒருவர் தம் குதிரையை எப்படி ஓட்டுகிறார் என்பது அவரோடு முடிந்துவிடுவதில்லை. அருகில் உள்ளவர் சேணத்தில் நிலைத்திருப்பதும் தரையில் விழுவதும்கூட அதைப் பொறுத்தது.

முதல் பாடம் இடைவெளி. முன்னே செல்லும் குதிரைக்கும் நமக்கும் நடுவில் குறைந்தது ஒரு குதிரை நீளம் இருக்க வேண்டும். தம் குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே பார்க்கும்போது முன்குதிரையின் பின்னங்கால் குளம்புகள் தெரிந்தால் இடைவெளி சரி. வால் மட்டும் தெரிந்தால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவார்கள். இளங்குதிரை, பழகாத குதிரை என்றால் பச்சை நாடா. நாடா கட்டியவர் அதோடு தம் பொறுப்பு தீர்ந்தது என்று இருக்கக் கூடாது. வரிசையின் கடைசியில் வருவதும், நெருங்குகிறவரை வாய்விட்டு எச்சரிப்பதும் அவர் கடமை. நாடா இல்லாத குதிரையும் காதைப் பின்னுக்கு மடக்கினால் உடனே விலகிக்கொள்ள வேண்டும்.

வேகத்தை முடிவு செய்வது குழுவில் மிகக் குறைந்த அனுபவமுள்ளவர். அல்லது மிகவும் பதற்றப்படும் குதிரை. துள்ளுநடைக்கோ ஓட்டத்துக்கோ மாறுமுன் முன்னால் செல்பவர் திரும்பிப் பார்த்து, எல்லோரும் தயாரா என்று கேட்டு, ஒவ்வொருவரிடமும் பதில் வாங்க வேண்டும். நிறுத்துமுன்பும் அப்படியே சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கு மேட்டுப் பாதை நல்லது. ஏற்றமே குதிரையின் வேகத்தை அடக்கிவிடும். முன்செல்பவரை முந்தப் பார்ப்பது கூடவே கூடாது. விளையாட்டாகத் தொடங்கியதை மற்ற குதிரைகள் பந்தயமாக எடுத்துக்கொள்ளும்.

வழியில் வேறு சவாரிக்காரர்கள் தென்பட்டால் தொலைவிலேயே வேகத்தைக் குறைத்து நடைக்கு வந்துவிட வேண்டும். பின்னாலிருந்து வருபவர் குரல் கொடுத்து, “கடந்து போகலாமா?” என்று கேட்டு, பதில் வந்த பிறகு, அகலமாக விலகி, நடையிலேயே கடக்க வேண்டும். கடந்தவுடன் ஓட்டம் பிடிப்பதும் தவறு. நின்றுகொண்டிருக்கும் குதிரைக்கு, ஓடுகிற குதிரையைப் பார்த்ததும் கால் பரபரக்கும். கண்மறையும் தூரம் போன பிறகு வேகமெடுக்கலாம். முன்னறிவிப்பின்றி ஒருவரைப் பாய்ந்து கடப்பதுதான் இந்தத் துறையின் மன்னிக்க முடியாத பிழை. கடந்தவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். பின்னால் ஒருவர் மிரண்ட குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அவருக்குத் தெரியவே தெரியாது.

நாகரிகம் முழுதாக வெளிப்படும் இடம் கேட். பிரைடில்வே எனப்படும் சவாரிப் பாதைகள் பண்ணை நிலங்களின் ஊடாகப் போவதால் வழிநெடுகக் கேட்டுகள் இருக்கும். சட்டப்படி அவை குறைந்தது 5 அடி அகலம் இருக்க வேண்டும். ஒருவர் தம் குதிரையைக் கேட்டுக்கு இணையாக நிறுத்தி, சேணத்திலிருந்தபடியே குனிந்து தாழ்ப்பாளைத் திறந்து, கதவைப் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், சற்றுத் தள்ளி, குதிரைகளின் முகத்தைக் கேட்டின் பக்கம் திருப்பி நிற்க வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் நடையைக் கட்டினால், கேட்டருகே தனித்து நிற்கும் குதிரை கூட்டத்தோடு சேரத் துடிக்கும், சுற்றும். கடிவாள வார் தாழ்ப்பாளில் மாட்டிக்கொள்ளலாம், ஓட்டுபவரின் முழங்கால் தூணில் இடிபடலாம். இறங்கித் திறந்தவராக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கால் அங்கவடியில், மறு கால் தரையில் என்று இருக்கும்போது குதிரை கிளம்பினால் இழுபட வேண்டியதுதான். அவர் ஏறி அமர்ந்து, “சரி, போகலாம்” என்று சொல்லும்வரை ஒரு குதிரையும் நகரக் கூடாது. சாத்தியிருந்த கேட்டைச் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையென்றால் உழவரின் ஆடுகள் சாலைக்கு வந்துவிடும்.

சாலையில் பிரிட்டனில் இடப்பக்கமாகப் போக வேண்டும். இருவருக்கு மேல் பக்கம்பக்கமாகச் செல்லக் கூடாது. குறுகிய அல்லது நெரிசலான சாலையிலும் வளைவுகளிலும் ஒற்றை வரிசை. இருவராகச் செல்லும்போது பழகிய குதிரை வாகனங்களின் பக்கமும் இளங்குதிரை ஓரத்திலும் இருக்கும். அனுபவசாலி புதியவருக்கு அரணாக நிற்கும் ஏற்பாடு இது. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட ஹைவே கோடு, குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு 10 மைலுக்குள், அதாவது சுமார் 16 கிலோமீட்டருக்குள் வர வேண்டும், குறைந்தது 2 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்கிறது. வேகம் குறைத்த ஓட்டுநருக்குக் கையுயர்த்தி நன்றி சொல்வது சவாரிக்காரரின் பங்கு. இரு கைகளும் வாரில் இருக்க வேண்டிய நேரத்தில் தலையசைப்பும் புன்னகையும் போதும். நன்றி பெறாமல் போன ஓட்டுநரின் எரிச்சல், அடுத்த வளைவில் வரும் வேறொரு சவாரிக்காரர் மீதுதான் பாயும்.

இங்கிலாந்தில் சவாரிப் பாதையை நீல அம்புக்குறியாலும், நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையை மஞ்சள் அம்புக்குறியாலும் அடையாளம் காட்டுகிறார்கள். மஞ்சள் பாதையில் குதிரை ஏறிச் செல்ல உரிமை இல்லை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் சவாரிப் பாதையில் சைக்கிளை அனுமதித்தது; ஆனால் சைக்கிள்காரர் குதிரைக்கும் நடப்பவருக்கும் வழிவிட வேண்டும். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கிலோமீட்டர் நீளும் சவுத் டவுன்ஸ் வே போன்ற பாதைகளில் மூவரும் நாள்தோறும் சந்திக்கிறார்கள். மழை ஊறிய தடத்தில் ஓட்டம் கூடாது. குளம்பு கிளறிய சேறு காய்ந்து இறுகினால், பின்னால் நடந்து வருபவரின் கணுக்கால் பிசகும்.

யாராவது விழுந்துவிட்டால் மற்ற எல்லோரும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஓடிய குதிரையைத் துரத்தினால் அது இன்னும் வேகமாக ஓடும். கூட்டம் அசையாமல் நின்றால் பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். வீடு திரும்பும் கடைசி மைல் நடையில்தான். லாயத்தின் திசை தெரிந்த குதிரைகள் விரைய ஆசைப்படும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. வழியில் ஒருவர் பிரிந்து போக வேண்டியிருந்தால், அவருடைய குதிரை அமைதியாகத் திரும்பி நடக்கும்வரை மற்றவர்கள் நின்று, பிறகு மெல்லக் கிளம்புவார்கள். வேகமாகக் கிளம்பினால் தனியாகப் போகும் குதிரை கனைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடி வந்துவிடும்.