வீட்டுத் தொட்டியில் நீர் நிறைக்குமுன்

தரையைத் தோண்டாமல், இரும்புச் சட்டத்தில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பொருத்தி வீட்டாரே நிறுவிக்கொள்ளும் நீச்சல்தொட்டிகள் இப்போது விற்பனையில் உள்ளன. ஜவ்வாது மலை போன்ற சரிவான இடங்களில் அவற்றை வைக்க விரும்புவோர் முதலில் தரையைக் கவனித்தல் வேண்டும். 10 அடி விட்டமுள்ள தொட்டியில் 2 அடி நீர் நின்றால் அதன் எடை ஏறத்தாழ நாலரை டன். தாழ்ந்த பக்கத்தில் மண் கொட்டி மேடாக்கினால் அது அமிழ்ந்து தொட்டி சாயக்கூடும். உயர்ந்த பக்கத்தை வெட்டிச் சமன்செய்வதே நன்று.

ஆயினும் மருத்துவர்களாகிய எங்களுக்கு வேலியே பெருங்கவலை. தொட்டியின் சுவர் வேலியாகாது. ஏறிச்செல்லச் சிறு குழந்தைக்கு ஒரு நாற்காலி போதும். சுற்றிலும் 4 அடி உயர வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் அமைத்த பின்னரே நீர் நிறையுங்கள். குளித்து முடிந்ததும் ஏணியை அகற்றிவிடுங்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடாது. எனவே பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். (கைப்பேசிக்கு அங்கே வேலையில்லை.)

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்துவதும் பயன் தரா. உயிர்காக்கும் நிமிடங்களையே அவை வீணாக்கும். மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பின்னர் 30 முறை மார்பை அழுத்தி 2 முறை ஊதுவதென, போளூர்ப் பக்கத்து வளைவுகளில் ஏறி ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை, நிறுத்தாது தொடருங்கள். இதற்கிடையே மற்றொருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சு திரும்பிவிட்டாலும் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். நுரையீரலின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.