தலையில் தங்கத் துளி

தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய சிலிக்கான் கம்பி. அதை யாரும் இழுத்து நீட்டிச் செய்வதில்லை. தலையில் ஒரு தங்கத் துளியைச் சுமந்தபடி அது தானாகவே வளர்கிறது.

தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும், சிலிக்கானுக்கு 1,414. இரண்டும் சேர்ந்தாலோ சுமார் 363 டிகிரியிலேயே உருகிவிடும்! சூடேற்றிய சிலிக்கான் தகட்டின் மேல் தங்கத் துகள்களை வைத்து, சிலேன் போன்ற வாயுவைச் செலுத்துவார்கள். உருகிய துளி அந்த வாயுவிலிருந்து சிலிக்கானை உறிஞ்சும். கொள்ளாத அளவுக்கு நிறைந்ததும், மிஞ்சியது துளியின் அடியில் படிகமாக உறையும். அடுக்கு மேல் அடுக்காகக் கம்பி உயர உயர, துளியும் உச்சியிலேயே ஏறிச் செல்லும். 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாக்னரும் எல்லிஸும் விளக்கிச் சொன்ன வழி இது.

வளர்ந்து முடிந்த கம்பியைப் பார்ப்பது எளிது. வளரும்போதே பார்ப்பதுதான் பெரிய காரியம்.

ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஃபிரான்சஸ் ராஸும் சக ஆய்வாளர்களும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு உள்ளேயே வாயுவைச் செலுத்தி, கம்பிகள் வளர்வதைப் படம்பிடித்தார்கள். அவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு வியப்பான ஒன்றைக் காட்டியது: தங்கம் ஒரே கம்பியில் தங்குவதில்லை. ஒரு துளி சுருங்க, பக்கத்துத் துளி பருக்கிறது. துளியை முழுதாக இழந்த கம்பி அத்துடன் வளர்வதை நிறுத்திக்கொள்கிறது.