மாதிரித் தொடர்வண்டித் தளத்தின் காட்சி நுணுக்கங்கள்

மாதிரித் தொடர்வண்டித் தளத்தின் காட்சி நுணுக்கங்கள் என்பவை, தண்டவாளமும் மின்இணைப்பும் நிலவடிவமும் அமைத்து முடித்த ஒரு தளத்தில் இறுதிக் கட்டமாகச் சேர்க்கப்படும் சிறு கூறுகள் ஆகும். ஜல்லி, புல், மரங்கள், வேலி, மின்கம்பம், நீர்நிலை, மனித உருவங்கள், கட்டடங்களில் படிந்த அழுக்கு, தண்டவாளத் துரு ஆகியவை இவற்றுள் அடங்கும். வண்டி ஓடுவதற்கு இவை தேவையில்லை. ஆயினும் மேசைமேல் ஓடும் பொம்மை வண்டிக்கும், ஓர் ஊரின் வழியே செல்லும் தொடர்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை உண்டாக்குபவை இவையே. எந்த இடம், எந்தக் காலம், அங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் ஆகிய மூன்று கேள்விகளுக்கு விடை தரும் நுணுக்கமே நல்ல நுணுக்கமாகக் கருதப்படுகிறது.

அளவு விகிதம்

நுணுக்கங்கள் அனைத்தும் ஒரே அளவு விகிதத்தில் அமைய வேண்டும். உலகில் பரவலாகப் பயன்படும் எச்ஓ வகையின் விகிதம் 1:87. பிரித்தானியாவில் மிகுதியாகக் காணப்படும் ஓஓ வகை ஏறத்தாழ 1:76. என் வகை பெரும்பாலான நாடுகளில் 1:160, பிரித்தானியாவில் 1:148. இசட் வகை 1:220.

எச்ஓ விகிதத்தில் 1.74 மீட்டர் உயரமுள்ள மனிதர் 2 செ.மீ. உயரமே இருப்பார். 8 மீட்டர் மின்கம்பம் ஏறத்தாழ 9 செ.மீ. இருக்கும். 20 மீட்டர் மரமோ 23 செ.மீ. உயரம் வேண்டும். கடைகளில் கிடைக்கும் மாதிரி மரங்கள் பல இதைவிடக் குட்டையானவை. அவற்றை முன்வரிசையில் வைத்தால் பக்கத்திலுள்ள வீடு அளவுக்கு மீறிப் பெரிதாகத் தோன்றும். பின்வரிசையில் வைத்தால் அதே குறை பயனாக மாறும். தொலைவில் உள்ளவை சிறிதாகவும் நிறம் வெளிறியும் தெரியும் என்பதால், குட்டை மரங்களும் மங்கிய பச்சையும் ஆழமற்ற தளத்துக்கு ஆழம் தருகின்றன.

தண்டவாளமும் ஜல்லியும்

பார்வையாளரின் கண் வண்டியைத் தொடர்வதால், முதலில் திருத்த வேண்டியது தண்டவாளமே. புதிய மாதிரித் தண்டவாளத்தின் பக்கங்கள் பளபளப்பாக இருக்கும். உண்மைத் தண்டவாளத்தில் சக்கரம் உருளும் மேற்பரப்பு மட்டுமே பளபளக்கும். பக்கங்கள் துருவேறிப் பழுப்பாக இருக்கும். எனவே பக்கங்களுக்குப் பழுப்பு வண்ணம் பூசி, அது காயும் முன் மேற்பரப்பைத் துடைத்துவிடுவர்.

அடுத்தது ஜல்லி. 5 செ.மீ. அளவுள்ள உண்மை ஜல்லி எச்ஓ விகிதத்தில் 0.6 மி.மீ. அளவே வரும். உலர்ந்த ஜல்லியைக் கட்டைகளுக்கு இடையே பரப்பி, மென்மையான தூரிகையால் சீராக்குவர். பின்னர் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவர். வெறும் பசைநீர் ஜல்லிமேல் முத்தாகத் திரண்டு நிற்கும். ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து, பசை அடிவரை இறங்கும். தடம் மாற்றும் இடங்களில் அசையும் பகுதிகளைப் பசை தொடாமல் காப்பது இன்றியமையாதது. கட்டுமான மணலைப் பயன்படுத்துவோர் முதலில் அதன்மேல் காந்தத்தை ஓட்டி இரும்புத் துகள்களை நீக்க வேண்டும். இல்லையெனில் அவை இயந்திரத்தின் மோட்டாரில் ஒட்டிக்கொள்ளும்.

தரையும் தாவரங்களும்

பச்சை வண்ணம் பூசிய பலகை புல்தரை ஆகாது. அடியில் மண்நிறம் பூசி, அதன்மேல் சலித்த மண், வண்ணமூட்டிய ஸ்பாஞ்சுத் தூள், புல் இழைகள் என்று அடுக்கடுக்காகச் சேர்க்கப்படுகிறது. ஒரே பச்சைக்குப் பதிலாக இரண்டு மூன்று நிறங்களைக் கலப்பதும், ஆங்காங்கே வெறுந்தரையை விடுவதும் இயல்பைக் கூட்டும்.

புல்லை நிமிர்ந்து நிற்கச் செய்ய நிலைமின்னியல் முறை உதவுகிறது. நைலான் போன்ற செயற்கை இழைகளைச் சல்லடையுள்ள கைக்கருவியில் இடுவர். கருவியின் மற்றொரு கம்பியை ஈரப் பசையில் குத்திய ஆணியுடன் இணைப்பர். உயர் மின்னழுத்தத்தில் மின்னேற்றம் பெற்ற இழைகள் மின்புலத்தின் திசையில் நேராகச் சென்று பசையில் செங்குத்தாகக் குத்தி நிற்கும். மின்னதிர்ச்சி தரக்கூடிய கருவி என்பதால், மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை முன்னரே கழற்றி வைப்பது நல்லது.

கட்டடங்களும் பழமையாக்கலும்

கட்டடத்தின் அடிக்கும் தரைக்கும் இடையில் தெரியும் மெல்லிய இடைவெளி, அது மேலே வைக்கப்பட்ட பொருள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அடிப்பகுதியைச் சுற்றி மண்ணும் களையும் சேர்த்து அதை மூட வேண்டும்.

புதுமையின் மினுக்கை நீக்கும் வேலை பழமையாக்கல் எனப்படும். நீர்த்த கரு வண்ணத்தைப் பூசினால் செங்கல் இடுக்குகளில் அது தேங்கி நிழல் தரும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர் வண்ணத்தைத் தேய்த்தால் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தடவினால் புகையும் தூசியும் படிந்த தோற்றம் கிடைக்கும். இவற்றைக் கண்டபடி பூசக்கூடாது. மழைநீர் வழியும் இடத்தில் கறை, நீராவி இயந்திரம் நிற்கும் இடத்தின் மேற்கூரையில் கரி, நிலக்கரி இறக்கும் இடத்தில் கருந்தரை என ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்க வேண்டும்.

நீர்நிலை

ஆறு, குளம் ஆகியவற்றுக்கு எபாக்சி ரெசின் அல்லது பளபளப்பான அக்ரிலிக் பூச்சு பயன்படுகிறது. ஆழத்தைக் காட்டுவது மேலே ஊற்றும் பொருளைக் காட்டிலும் அடியில் பூசிய வண்ணமே. நடுவில் கருமையும் கரையை நெருங்க மண்நிறமும் பூசினால், சில மி.மீ. தடிமனே ஆழமான நீராகத் தோன்றும். ஊற்றும் முன் ஓட்டைகளை அடைத்து, மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் இறுகிய பின் அடுத்ததை ஊற்ற வேண்டும்.

மனித உருவங்கள்

ஓடுவது போன்ற உருவம் எப்போதும் அதே இடத்தில் நிற்பது கண்ணை உறுத்தும். காத்திருப்பவர், அமர்ந்திருப்பவர், பேசிக்கொண்டிருப்பவர் ஆகியோரின் உருவங்கள் அசையாமலும் இயல்பாகத் தோன்றும். உருவங்களைச் சீராகப் பரப்பி வைப்பதைவிட, நடைமேடையில் ஒரு கூட்டத்தையும் வயலில் ஒற்றை ஆளையும் வைப்பது பொருத்தமானது. எல்லாம் முடிந்த பின், மிக நீளமான பெட்டியை வளைவுகளில் ஓட்டி, மரமோ கம்பமோ இடிக்கிறதா என்று சோதிப்பர்.

குறிப்பிடத்தக்க தளங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜான் ஆலன் அமைத்த கோரி அண்டு டிஃபீட்டட் என்னும் எச்ஓ தளம், பழமையாக்கலைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. அவர் தொழில்முறைப் புகைப்படக் கலைஞர். 1973 சனவரியில் அவர் இறந்த சில நாட்களிலேயே அத்தளம் தீயில் அழிந்தது. இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் புகைப்படங்களே. 2001இல் செருமனியின் ஆம்பர்க் நகரில் திறக்கப்பட்ட மினியட்டூர் வுண்டர்லாந்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மனித உருவங்கள் உள்ளன.

இங்கிலாந்தின் ஆக்சுபோர்டுசயரிலுள்ள பெண்டன் அருங்காட்சியகம் நுணுக்கத்துக்கு வேறொரு பயனைக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து வந்த ராய் இங்லண்டு, ஊர்ப்புறத்துக் கூரைவீடுகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டு, அவற்றை மாதிரிகளாகவேனும் காக்க முனைந்தார். 1954இல் அவர் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தில், 1920களையும் 1930களையும் சேர்ந்த ஊர்ப்புறம் 1:76 விகிதத்தில் உருவாக்கப்பட்டுள்ளது. உண்மையான வீடுகளை அளந்து, அட்டையில் வெட்டி, நீர்வண்ணம் தீட்டிய மாதிரிகள் அவை. மூல வீடு இடிக்கப்பட்டாலும் மாற்றப்பட்டாலும், அதன் கூரைச் சரிவும் தோட்ட வேலியும் எப்படி இருந்தன என்பதற்கு இம்மாதிரிகள் சான்றாக நிற்கின்றன.