72 மணி நேர வேலை வாரம்: பொத்தேரி நடைமேடையிலிருந்து ஒரு கணக்கு

பொத்தேரி ரயில் நிலையத்தில் காலை வேளையில் இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. தாம்பரம் பக்கமிருந்து வரும் மின்சார ரயிலிலிருந்து மாணவர்கள் கொத்துக் கொத்தாக இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையோரக் கல்லூரி வளாகங்களை நோக்கி நடக்கிறார்கள். எதிர்த்திசையில் சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் வண்டிக்காக மற்றொரு கூட்டம் நிற்கிறது. வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்கள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், கட்டடத் தொழிலாளர்கள், இரவுக்காவல் முடித்துத் திரும்புவோர். உண்மையில் இந்த இரண்டாவது கூட்டத்தின் பெரும்பகுதியை மாணவர்கள் பார்ப்பதே இல்லை. அது விடியுமுன்பே சென்றுவிடுகிறது.

நீண்ட பயணத்தைச் சமாளிப்பதற்கான அறிவுரைகளுக்குக் குறைவில்லை. பாட்டுக் கேளுங்கள், புத்தகம் படியுங்கள், மூச்சுப்பயிற்சி செய்யுங்கள் என்கிறார்கள். உட்கார இடம் கிடைப்பவருக்கு இவையெல்லாம் பயன்படலாம். அந்தத் தொலைவு எப்படி உருவானது, அதற்கான விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே நாம் இங்கு எழுப்பும் கேள்வி.

முதலில் கணக்கு. பொத்தேரியிலிருந்து சென்னைக் கடற்கரை சுமார் 40 கி.மீ.; வண்டியில் மட்டும் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடப்பது, வண்டிக்குக் காத்திருப்பது, இறங்கியபின் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிப்பது ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்பது மிகையன்று. நாளொன்றுக்கு 4 மணி. ஆறு நாள் வாரத்துக்கு 24 மணி.

வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை என்ற வரம்பு தொழிற்சாலைச் சட்டத்தில் 1946-இல் வந்தது. அதற்கான திருத்த மசோதாவைக் கொண்டுவந்தவர், வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர். அந்தச் சட்டத்தின் கடிகாரம் தொழிற்சாலை வாயிலில்தான் ஓடத் தொடங்குகிறது. வாயிலை அடையச் செலவாகும் 24 மணி நேரம் அதில் பதிவாவதில்லை. 48-உடன் 24-ஐக் கூட்டினால் 72. இதுவும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் இருப்பவர்களுக்கான கணக்குத்தான். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு அந்த 48 மணி வரம்பே கிடையாது.

பயண நேரத்தை வேலையின் பகுதியாகச் சட்டம் ஒருபோதும் ஏற்றதில்லை என்று சொல்லிவிட முடியாது. ஏற்றிருக்கிறது; விபத்து நேர்ந்த பிறகு. தொழிற்சாலைக்கு ஒரு கி.மீ. தொலைவில், பணிக்குச் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த ஒருவருக்கு நேர்ந்த விபத்து பணியின்போது ஏற்பட்டதன்று என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2010-இல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது: வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலான பயணத்தில் விபத்து நேர்ந்து, அதன் நேரம், இடம், சூழல் ஆகியவற்றுக்கும் பணிக்கும் தொடர்பு இருந்தால் அது பணியின்போது நேர்ந்ததாகவே கொள்ளப்படும். இதே பொருளைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விரித்தது. மகாராஷ்டிரத்தின் ஒரு சர்க்கரை ஆலைக்கு விடியற்காலை 3 மணிப் பணிக்குச் செல்லும் வழியில் 2003-இல் இறந்த காவலாளியின் குடும்பம் தொடுத்த வழக்கு அது. 22 ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு.

ஆக, வழியில் இறந்தால் பயணம் பணியின் பகுதி. உயிரோடு போய்ச் சேர்ந்தால் அது அவரவர் சொந்தச் செலவு. இந்த முரணைத் தொழிற்சங்கங்கள் இன்னும் போதுமான அளவு கையிலெடுக்கவில்லை என்பதே நம் கருத்து.

இனித் தொலைவின் பிறப்பு. எல்லாச் சாதியினரும் அந்த வண்டியில் நிற்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் சொந்த நிலமோ கடையோ வாடகை வரும் வீடோ ஊரிலேயே இருப்பவர் 40 கி.மீ. போய்ப் பிறர் வீட்டைத் துடைக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்துத் தலித் மக்களிடம் நிலம் ஏன் இல்லை என்ற கேள்வி நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது. இம்மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891-இல் அளித்த அறிக்கையே 1892-இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்படக் காரணமாயிற்று. சென்னை மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்நிலங்களைப் பிறர் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அவை எப்படிக் கைமாறின என்பது தனிக்கட்டுரைக்குரியது. காரணை நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். நகரம் ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கே வளர வளர நிலத்தின் விலை ஏறியது. நிலம் இருந்தவருக்கு அது செல்வம். நிலம் இல்லாதவருக்கு அந்த வளர்ச்சி வாடகை உயர்வாகவும், ஏறுவதற்கொரு வண்டியாகவும் மட்டுமே வந்து சேர்ந்தது.

இது ஊரில் நிலமின்றி நகருக்குத் தினமும் ஓடுபவர்களின் கதை. இதன் மறுபக்கம், வேலைக்கு அருகிலேயே வாழ்ந்தவர்களை வெளியேற்றித் தொலைவை அவர்கள் மீது சுமத்திய கதை. அதைப் பார்க்க இதே தென்புறநகரின் பெரும்பாக்கத்துக்குச் செல்ல வேண்டும். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கப்பட்டபோது, இருக்கும் இடத்திலேயே அடுக்குமாடி வீடு என்பதே அதன் பெருமையாக இருந்தது. 2000-க்குப் பிறகு திசை மாறியது. கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கும் மேல். பின்னர் பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து வெளியேற்றம் விரைவுபெற்றது. தலித் தலைவரும் அமைச்சராக இருந்தவருமான சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு, தீவுத்திடலுக்கருகே கூவக்கரையில் இருந்தது. 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், அங்கிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. சென்ட்ரலுக்கு நடந்து சென்று வேலை பார்த்தவர்களுக்கு இப்போது 25 கி.மீ. அளவுக்குத் தொலைவு, பெரும்பாக்கத்தில் ரயிலும் இல்லை.

வீடு ஒதுக்கும் ஆணையில் சதுர அடி எழுதப்படுகிறது, மாதத் தவணை எழுதப்படுகிறது. பழைய வேலையிடத்துக்கு எத்தனை கி.மீ., முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பவை எழுதப்படுவதில்லை. அதிகாலை 5 மணிக்குக் கோலம் போட ஆள் வேண்டும் என்று எதிர்பார்க்கும் அடையாற்று வீட்டுக்குப் பெரும்பாக்கத்திலிருந்து அந்த நேரத்தில் போய்ச்சேர இயலாது. வேலையை இழந்த பெண்கள் குறைந்த கூலிக்கு அருகிலேயே ஏதாவது தேடுகிறார்கள். அல்லது பயணத்துக்காகத் தூக்கத்தை விடுகிறார்கள்.

பேருந்தும் ரயிலும் எங்கே நிற்கின்றன என்பதிலும் சாதி இருக்கிறது. ஊர்த்தெரு வரை வரும் பேருந்து சேரிக்குள் வராத ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலைகளும் கிணறுகளும் பொது அலுவலகங்களும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டுமென்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தது 1924-இல். சாலையில் நடக்கும் உரிமை அவ்வாறு எழுத்தில் வந்தது. இரவு கடைசி வண்டியில் இறங்கும் பெண், விளக்கில்லாத இரண்டு கி.மீ.யைக் கடந்து வீடு சேர்வதற்கான உரிமை அந்தத் தீர்மானத்தின் தொடர்ச்சி என்றே நாம் கருதுகிறோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது அதை ஒட்டி ரயில் நிலையம் இல்லை. தலைச்சுமையோடு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயிலேற வேண்டியிருந்தது. கார் வைத்திருப்பவருக்கு இத்தகைய இடைவெளி தெரிவதே இல்லை.

சலுகைகள் சில உள்ளன. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களின் கையில் உண்மையாகவே காசு மிச்சமாகிறது. ஆனால் மின்சார ரயிலுக்கு அது பொருந்தாது. 2025 ஏப்ரலில் இதே தடத்தில் வந்த குளிர்சாதன மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய்; சாதாரண வண்டியில் 5 ரூபாய். இரண்டு வகையிலும் கழிப்பறை இல்லை. தண்ணீர் குடிக்காமல் கிளம்புவதைப் பெண்கள் ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். 'சமாளிப்பு' என்று நாம் சொல்லும் சொல்லின் பொருள் பெரும்பாலும் இதுதான்.

ரயில்வேயின் 'இஜ்ஜத்' சீசன் டிக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறைசாராத் தொழிலாளர்களுக்காக 2009-இல் அறிவிக்கப்பட்டது. மாதம் 25 ரூபாய். அதைப் பெற மாத வருமானம் 1,500 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலி 319 ரூபாய். ஐந்து நாள் வேலைக்குப் போனாலே 1,595 ரூபாய் வந்துவிடும். ஏழைக்கென்று வைத்த சீட்டை எந்த ஏழையும் வாங்க முடியாதபடி செய்ய, அறிவித்த தொகையை அப்படியே விட்டுவைத்தாலே போதும் போலும்.

இதைப் படிக்கும் மாணவர்களில் பலர் பொத்தேரியிலோ காட்டாங்குளத்தூரிலோ தாம்பரத்திலோ தினமும் இறங்குபவர்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. மாணவர் சீசன் டிக்கெட்டில் பொதுவாக 50 விழுக்காடு சலுகை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அது 75 விழுக்காடு, வயது வரம்பும் 27 வரை உண்டு. பட்டப்படிப்பு வரை பயிலும் பெண்களுக்கு வீட்டிலிருந்து கல்விநிலையம் வரை இரண்டாம் வகுப்புச் சீசன் டிக்கெட் இலவசம். எல்லாவற்றுக்கும் கல்லூரித் தலைவரின் சான்று வேண்டும். இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். அலுவலகச் சன்னலில், வரிசையில் நண்பர்கள் நிற்க, எந்தச் சாதி என்று உரக்கக் கேட்கப்படும் அந்த ஒரு நிமிடத்துக்கு அஞ்சியே முழுக்கட்டணம் செலுத்துபவர்களை நாம் அறிவோம். மாணவர் அமைப்புகள் படிவங்களை மொத்தமாகத் திரட்டி ஒரே நாளில் கொடுத்து வாங்கினால், அந்த நிமிடம் யாருக்கும் தனியாக நேராது.

தொழிலாளர்களிடம் சொல்ல வேண்டியது வேறு. சீசன் டிக்கெட்டைக் கட்டணம் மிச்சப்படுத்தும் சீட்டாக மட்டும் பார்க்க வேண்டாம். ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறப்போரின் குடும்பத்துக்கு ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவின்படி 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. செல்லுபடியாகும் பயணச்சீட்டு இருந்ததா என்பதே வழக்கின் முதல் கேள்வி. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும்போது நேர்வதற்கு இப்பிரிவு பொருந்தாது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி வீட்டிலும் எழுதிவைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் பிடித்தம் செய்துவிட்டு எண் தராமல் இழுத்தடிப்பது வழக்கமாகிவிட்டது. விபத்து நடந்த பிறகு அந்த எண்ணைத் தேடி அலைவது மனைவியின் தலையில்தான் விழுகிறது.

மாலையில் பொத்தேரியில் கூட்டங்கள் மறுபடி இடம் மாறுகின்றன. கடற்கரையிலிருந்து வரும் வண்டியில் பெண்கள் பெட்டி நிரம்பியிருக்கும். இரவுச் சமையலுக்குரிய கீரையைச் சிலர் மடியில் வைத்து ஆய்ந்துகொண்டே வருகிறார்கள். வீட்டுக்குப் போனதும் தொடங்கவேண்டிய அடுத்த வேலையை வண்டியிலேயே தொடங்கியிருக்கிறார்கள். நம் 72 மணிக் கணக்கில் இது சேரவில்லை.