மின்மோட்டாரும் அதன் காப்பும்

மின்மோட்டாரின் சுருளில் செம்பு நெடுநாள் உழைக்கும். முதலிற் கெடுவது அதன்மேற் பூசிய எனாமல் தோலேயாம். மயிரிழையினும் மெல்லிய அத்தோலே கம்பிக்குக் கம்பி மின்சாரம் பாயாது காப்பது. பழைய மோட்டாருக்குப் புதிய இன்வெர்ட்டரைப் பூட்டும் வழக்கம் பெருகி வருதலின், இலக்கியம் பயில்வோராகிய நாமும் அக்காப்பின் நிலையைச் சிறிது ஆராய்வோம்.

மோட்டாரின் வேகத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இன்வெர்ட்டர் பயன்படுகின்றது. மின்செலவு குறைதலின் பம்பு, விசிறி முதலியவற்றில் இது பெருவழக்காயிற்று. மின்கம்பத்திலிருந்து வரும் மின்னழுத்தம் அலைபோல் மெல்ல ஏறி இறங்கும். இன்வெர்ட்டரோ அதனை வினாடிக்குப் பல்லாயிரம் முறை திடீரென இட்டும் விலக்கியும் தருகின்றது. 1980-களில் வழக்கிற்கு வந்த ஐ.ஜி.பி.டி. என்னும் சுவிட்சு, ஒரு வினாடியைக் கோடி கூறிட்டால் அதில் ஒரு கூறளவான நேரத்தில் இதனைச் செய்ய வல்லது.

இதனால் விளையும் கேடு யாதெனிற் கூறுதும். கால்வாயில் வரும் அலை மூடிய மதகில் மோதி உயர்ந்தெழும். அவ்வாறே கேபிளில் விரையும் மின்னலையும், மோட்டாரின் சுருள் அதனை எளிதில் உள்ளேற்காமையால், வாயிலில் மோதி ஏறத்தாழ இருமடங்காகின்றது. 400 வோல்ட் இணைப்பில் இன்வெர்ட்டருள் நிற்கும் அழுத்தம் ஏறக்குறைய 565 வோல்ட். மோட்டாரின் முனையில் அது 1,100 வோல்ட்டையும் எட்டலாம். மேற்கூறிய விரைவிற்கு 10 மீட்டர் கேபிளே போதும். அவ்வதிர்ச்சியின் பெரும்பகுதியைச் சுருளின் முதற் சில சுற்றுகளே தாங்குகின்றன. ஆண்டுக் கம்பிகளுக்கிடையே உள்ள காற்றிடைவெளிகளில் நுண்ணிய தீப்பொறிகள் தோன்றி, ஓஸோனையும் விளைத்து, எனாமலைச் சிறிது சிறிதாய் அரிக்கின்றன. புறத்தே யாதொரு குறியும் தோன்றாது; ஒருநாள் சுருள் எரிந்து மோட்டார் நின்றுவிடும்.

இதற்குப் பரிகாரங்கள் உள. கேபிளைக் குறுக்கலாம், இடையே பில்ட்டர் அமைத்து அழுத்தத்தின் பாய்ச்சலை மெதுவாக்கலாம், காற்றகற்றிய கலத்தில் வார்னிஷ் ஊட்டி இடைவெளிகளை நிரப்பலாம், அலுமினா போன்ற நுண்துகள் கலந்த எனாமலைப் பூசலாம். 2014-ஆம் ஆண்டில் வெளியான ஐ.இ.சி. 60034-18-41 என்னும் சர்வதேசத் தரம், இத்தகைய மோட்டார்களுட் பெரும்பாலான சிறியவற்றில் அப்பொறிகள் தோன்றாதிருத்தலையே சோதனையின் அளவுகோலாகக் கொண்டது.

இப்பொழுது வழங்கும் சிலிக்கன் கார்பைடு சுவிட்சுகள் இன்னும் விரைவுடையன. 800 வோல்ட் மின்கார்களிலும் அவை இயங்குகின்றன. ஆதலின் இன்வெர்ட்டர் வாங்கப் புகுவோர், மிச்சமாகும் மின்செலவைக் கணக்கிடுமுன், தம் மோட்டாரின் காப்பு இவ்வதிர்ச்சியைத் தாங்குமோவெனக் கேட்டறிதல் கடனாம். கேளாது விடின், மிச்சம் பிடித்த பணம் சுருளைப் புதுப்பிக்கவே செலவாகிவிடும்.